கொடிக்கும் ஒரு பாடு

கல்யாணமான ஆண்களுக்கு ஒரு வார்த்தை. மனைவி ஏதாவது படத்தைப் பார்த்து, "ஐயோ, எவ்ளோ அழகா இருக்கு!" என்றால், "ஆமாம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் புரட்டுங்கள். "இதென்ன பிரமாதம், நானே வளர்த்துக் காட்டறேன்" என்று மட்டும் வாயை விடாதீர்கள்.

நான் விட்டேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

ஆபீஸுக்கு யாரோ கொடுத்த காலண்டர் ஒன்று எனக்குப் பங்காக வந்து சேர்ந்தது. (டைரி எல்லாம் மேலே இருப்பவர்களுக்கு.) ஏப்ரல் மாதப் பக்கத்தில் ஜப்பான் தேசத்து அஷிகாகா பூங்கா. பிரமாண்டமான பந்தல். அதிலிருந்து ஊதா நிறத்தில் பூக்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. கல்யாண மண்டபத்து வாசலில் சீரியல் பல்பு விட்ட மாதிரி. அடியில் பொடி எழுத்தில் 'விஸ்டீரியா'.

என் சகதர்மிணி அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. ஏப்ரல் போய் மே வந்தும் அதைத் திருப்ப விடவில்லை. டிசம்பர் வரை எங்கள் வீட்டில் ஏப்ரல்தான். கடைசியில் நான் அந்த வசனத்தைச் சொன்னேன்.

மறுநாள் ஆபீஸில் டிபன் நேரத்தில் (சரி, டிபன் நேரம் முடிந்த பிறகும்) போனை நோண்டினேன். விஸ்டீரியா, நம் அவரை, துவரை, பட்டாணி எல்லாவற்றுக்கும் சொந்தக்காரக் கொடி. ஒரே குடும்பம். காஸ்பர் விஸ்டார் என்ற அமெரிக்க டாக்டரின் ஞாபகார்த்தமாக, நட்டால் என்ற தாவர நிபுணர் 1818-இல் வைத்த பெயர். ஜப்பான் கொடி கம்பத்தைக் கடிகார முள் திசையில் சுற்றும், சீனாக் கொடி எதிர்த் திசையில் சுற்றும். எங்கள் ஆபீஸ் ஃபைலுக்குத்தான் எந்தத் திசையும் கிடையாது.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாகாணத்தில், சியர்ரா மாட்ரே என்ற ஊரில் ஓர் அம்மாள் 1894-இல் முக்கால் டாலர் கொடுத்து ஒரு சின்னச் செடி வாங்கி நட்டாராம். அது இன்றைக்குச் சுமார் ஒரு ஏக்கர் பரவியிருக்கிறது. முதலில் இருந்த வீட்டைக் கொடியே இறுக்கி முடித்துவிட்டது. வீடு போயிற்று, கொடி நிற்கிறது. காலண்டரில் இருந்த அஷிகாகா கொடியோ நூற்றைம்பது வயசைத் தாண்டியது. 1996-இல் அதை வேரோடு பெயர்த்துச் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நட்டார்கள். ஒரு பெண் மர வைத்தியர் முன்நின்று அதைப் பிழைக்க வைத்தார்.

'நூற்றைம்பது வயசுக் கிழமே இடம் மாறிப் பிழைக்கிறதே, என் கன்றுக்கு என்ன கேடு?' என்று நினைத்தேன். அதே கட்டுரையில் கடைசியாக ஒரு பத்தி இருந்தது. அதைப் படிப்பதற்குள் ஹெட் கிளார்க் வந்துவிட்டார். அந்தக் கடைசிப் பத்திக்குப் பிறகு வருகிறேன்.

ஆர்டர் போட்டேன். 'எந்த மண்ணிலும் வளரும்' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது. 650 ரூபாய். அட்டைப் பெட்டியில் ஒரு குச்சி வந்தது. குச்சியில் நாலு இலை.

*

செடி வந்தது, மண் வேண்டுமே! நாங்கள் இருப்பது பொன்னேரியில், மாடிப் போர்ஷன். வீட்டுக்காரர் மொட்டை மாடியில் துணி காயப் போடவே முறைப்பார். ஆகவே கொடியைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்குப் போனோம்.

மாமனார் ஊர் கோட்டைக்குப்பம். பழவேற்காடு ஏரிக்கரை மீனவக் கிராமம். பொன்னேரியில் பஸ் ஏறினால் ஏரிக்காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில் இறங்கலாம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நம் நாட்டில் பெரிய உப்பங்கழி ஏரி இதுதான். கோட்டையைத் தேடாதீர்கள். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது புதர் மண்டிய மேடு. அவர்கள் விட்டுப்போனதில் உருப்படியாக நிற்பது கல்லறைத் தோட்டம்தான். வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கும். கல்யாணமான புதிதில் என்னை முதன்முதலாக அங்கேதான் அழைத்துப்போய்க் காட்டினார்கள். அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

மாமனார் குச்சியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா கொடி மாப்ளே இது?"

"விஸ்டீரியா மாமா. ஜப்பான்ல இருக்கறது."

"ஜப்பான்ல இருக்கறது இங்க இன்னாத்துக்கு வந்துச்சாம்? ஊதாப் பூதானே வேணும்? கரையில அடப்பங்கொடி அத்தினி கெடக்குதே. அதுக்குத் தண்ணியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மணலைப் புடிச்சிக்கினு அதுபாட்டுக்குப் பூக்கும்."

அத்தை உடனே குறுக்கே புகுந்தார். "நீ சும்மா இருய்யா. மாப்பிள்ளை ஆசையா வாங்கியாந்திருக்காரு."

தமிழ்நாட்டில் மாப்பிள்ளை ஆசைப்பட்டுவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. அந்த அதிகாரத்தை எவ்வளவு ஜாக்கிரதையாகப் பயன்படுத்த வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது.

தை மாதம். வேலியோரம் ஒன்றரை அடிக்குக் குழி. பொன்னேரியிலிருந்து சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டுபோன செம்மண், மக்கிய சாணி எரு எல்லாம் போட்டு நட்டேன். கொடி ஏற மாமா இரண்டு கம்பு நட்டு, கிழிந்த நைலான் வலை ஒன்றைக் கட்டிவிட்டார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்பெக்ஷன்.

மாசியில் புதிதாக ஏழெட்டு இலை. ஆபீஸில் போட்டோ காட்டாத ஆள் இல்லை. "எப்போ பூக்கும்?" என்று பக்கத்து சீட் நண்பர் கேட்டார். "இதோ" என்றேன். விதையிலிருந்து வளர்ந்த விஸ்டீரியா பூக்கப் பத்து வருஷத்துக்கு மேல்கூட ஆகும், ஒட்டுக்கன்று என்றால் மூன்று நாலு வருஷம் என்பது அந்தக் கடைசிப் பத்தியில் இருந்த முதல் வரி.

மாசிக் கடைசியில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தாற்போலப் பழுப்பு. எரு பற்றவில்லை என்று தீர்மானித்து இன்னும் இரண்டு கூடை போட்டேன். (தப்பு. இந்த ஜாதிக் கொடிக்குத் தழைச்சத்து அதிகமானால் இலைதான் தள்ளும், பூ வராது.) கிணற்றுத் தண்ணீரில் உப்பு, அதனால்தான் கருகுகிறது என்று அடுத்த தீர்மானம். இது மட்டும் சரி. ஆனால் அதற்கு நான் சொன்ன பரிகாரம்தான் இந்தக் கதையின் வில்லன்.

"அத்தை, தினம் ஒரு குடம் ஊத்துங்க. நல்ல தண்ணியா ஊத்துங்க."

"அதுக்கின்னா மாப்பிள்ளை, ஊத்திட்டாப் போச்சு" என்றார் அத்தை.

*

வைகாசியில் ஒரு புதன்கிழமை. ஆபீஸ் வேலையாகப் பழவேற்காடு பக்கம் போக வேண்டியிருந்தது. வேலை பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் மாமனார் வீட்டுக்குப் போனேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல். எதிர்வீட்டு அம்மாளுடையது.

"இன்னாக்கா, வந்ததே நாலு கொடம். அதுல ஒண்ணை இந்தக் குச்சிக்கு ஊத்திட்டியே, சாயங்காலம் உலைக்கு இன்னா பண்ணுவே?"

"வூட்டாண்ட எங்க இருந்தாச்சும் ஒரு கொடம் கேட்டு வாங்கிக்குவேன். மாப்பிள்ளை ஞாயித்துக்கெழமை வந்து பார்ப்பாருடி. வாடிக் கெடந்தா மனசு கஷ்டப்படுவாரு."

அத்தை குடத்தை இடுப்பிலிருந்து இறக்கி, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

நான் வேலிக்கு வெளியே நின்றேன். செருப்புச் சத்தம் கேட்டுவிடுமோ என்று பயம். பஸ் ஸ்டாப் வரை நடந்துபோய், ஒரு டீ குடித்துவிட்டு, அப்போதுதான் வருகிறவன் மாதிரி சத்தமாகச் செருமிக்கொண்டு திரும்பி வந்தேன். அத்தை அவசரமாகக் குடத்தை உள்ளே வைத்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை" என்று ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அதைக் குடிக்க முடியவில்லை. குடிக்காமல் வைத்தால் கொட்டிவிடுவார்களே என்று குடித்தேன்.

நாம் கணக்கு எழுதிப் பிழைக்கிறவர்கள். பஸ்ஸில் திரும்பும்போது கை தானாகக் கணக்குப் போட்டது. மாசிக் கடைசி முதல் வைகாசி வரை ஏறக்குறைய 90 நாள். தினம் ஒரு குடம். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் 1,350 லிட்டர் நல்ல தண்ணீர். அதுவும் வெயில் காலத்தில். ஏரிக்கு ஆரணி ஆறும் காலங்கி ஆறும் மழைக்காலத்தில்தான் நல்ல தண்ணீர் கொண்டுவரும். கோடையில் வரத்து நின்று, வெயில் உறிஞ்ச உறிஞ்ச ஏரி உப்பேறும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அடைத்துக்கொண்டால் இன்னும் மோசம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர் உள்ள ஊரில், குடிக்கிற தண்ணீர் மட்டும் இடுப்பில் ஏறி வரவேண்டும்.

650 ரூபாய்க்கு வாங்கிய குச்சிக்கு அத்தையின் இடுப்பு கட்டிய தவணை எவ்வளவு என்று எந்த லெட்ஜரில் எழுதுவது?

*

அடுத்த ஞாயிறு சாயங்காலம் மாமாவோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "மாமா, நாளைக்கு ஏரிக்குப் போறீங்களா?" என்றேன்.

"இல்ல மாப்ளே. நாளைக்கு நம்ம பாடு இல்ல."

பாடு என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் 'என் பாடு திண்டாட்டம்' வகைதான். இங்கே அதற்கு வேறு அர்த்தம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய மூன்று கிராமங்களிலும் ஏரியில் சுத்து வலை கட்டி இறால் பிடிக்கிற இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய வழக்கம் அது. இன்ன நாள், இன்ன இடம், இன்னார் முறை. அந்த முறைதான் பாடு.

"ஏரி எம்மாம் பெருசு!" என்றார் மாமா. "ஆனாலும் இறாலு எல்லா எடத்துலயும் ஓடாது. ஓடற எடத்துல எல்லாரும் ஒரே நாள்ல வலை கட்டினா இன்னா ஆவும்? அடிதடிதான். அதனாலதான் பாடு வெச்சாங்க. இன்னிக்கு நமக்கு, நாளைக்கு அவங்களுக்கு. நம்ம பாட்டுக்கு மேல ஒரு கூடை ஆசைப்பட்டா, அது அடுத்தவன் வூட்டுச் சோறு."

அவர் கொடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஏரியைப் பற்றித்தான் பேசினார். எனக்குத்தான் காது சுட்டது.

எழுந்து போய்க் கொடியைப் பிடுங்கினேன். சுலபமாக வந்தது. வேரே ஓடியிருக்கவில்லை.

"ஐயையோ, அடியில பச்சை இருக்குதே மாப்பிள்ளை!" என்று அத்தை ஓடிவந்தார்.

"இருக்கட்டும் அத்தை. இது குளிர்ப் பிரதேசத்துக் கொடி. தெரியாம வாங்கிட்டேன்."

அந்தக் கடைசிப் பத்தி சொன்னது அதுதான். விஸ்டீரியாவுக்கு இலையெல்லாம் உதிர்ந்து தூங்க ஒரு நிஜமான குளிர்காலம் வேண்டும். தூங்கி எழுந்தால்தான் மொட்டு. வருஷத்துக்கு இரண்டு தடவை, வெயிலில் ஒன்று குளிரில் ஒன்று, கிளை கழிக்க வேண்டும். உப்புக் காற்றும் உப்பு மண்ணும் ஆகவே ஆகாது. விதையும் காயும் விஷம், குழந்தைகள் வாயில் போடக் கூடாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வீடு இருப்பவர்கள் தாராளமாக ஆசைப்படலாம். மார்கழியில்கூட ஃபேன் போடுகிற நாம் காலண்டரோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

*

வெறும் வலையும் இரண்டு கம்பும் வேலியோரம் நின்றன. சகதர்மிணி ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான் ஆடி மாதம் ஒரு மஞ்சள் பையிலிருந்து கைப்பிடி விதை எடுத்து வந்தார்.

"காக்கட்டான் வெதை மாப்பிள்ளை. வேலியில போட்டா தானா ஏறும்."

காக்கட்டான், காக்கணம், சங்குப்பூ, எல்லாம் ஒன்றுதான். அலட்சியமாக வாங்கினேன். போனை எடுத்துப் பார்த்தால் அசந்துபோனேன். இதுவும் அவரைக் குடும்பம்! விஸ்டீரியாவுக்குத் தூரத்து ஒன்றுவிட்ட தங்கை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூ அடுக்குகிறாரே, அதில் வரும் 'கருவிளை' இதுதான் என்கிறார்கள். டச்சுக்காரர்களையும் விடவில்லை. கொச்சியில் அதிகாரியாக இருந்த வான் ரீட், இட்டி அச்சுதன் போன்ற உள்ளூர் வைத்தியர்களைக் கேட்டுத் தொகுத்து, 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்த 'ஹோர்த்துஸ் மலபாரிகஸ்' புத்தகத்தில் சங்குப்பூவுக்கும் இடம் உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் துணி வாங்கியது, அதைக் கிழக்குத் தீவுகளில் கொடுத்து வாசனைச் சரக்கு வாங்கத்தான். அந்தக் கிராம்புத் தீவுகளில் ஒன்று டெர்னேட். லின்னேயஸ் 1753-இல் சங்குப்பூவுக்கு வைத்த விஞ்ஞானப் பெயரின் பின்பாதி அந்தத் தீவின் பெயரிலிருந்து வந்ததுதான். ஜப்பான் வரைக்கும் போய்த் தேடினேன். விஷயம் அத்தையின் மஞ்சள் பையில் இருந்திருக்கிறது.

நீங்களும் போடலாம். மொட்டை மாடித் தொட்டியே போதும். விதைத் தோல் கெட்டி. உப்புக் காகிதத்தில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் புதையுங்கள். ஒரு வாரம், இரண்டு வாரத்தில் முளைக்கும். நல்ல வெயில் வேண்டும். ஏற ஒரு கயிறோ கம்பியோ வேண்டும். வேரைக் கிளறி இடம் மாற்றினால் கோபித்துக்கொள்ளும், அதனால் நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். எருவைக் கொட்டாதீர்கள். வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா, காற்றிலிருந்தே தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். அடியில் தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. காய்களை அவ்வப்போது கிள்ளினால் பூ நிற்காமல் வரும். விதைக்கென்று நாலு காயை மட்டும் கொடியிலேயே காய விடுங்கள். கொடி அடர்ந்தால் நுனியை வெட்டுங்கள், பக்கக் கிளை அடிக்கும்.

பூவை உற்றுப் பாருங்கள். அவரைக் குடும்பத்தில் மேலே நிமிர்ந்து நிற்க வேண்டிய பெரிய இதழ் இதில் கீழே இருக்கும். பூவே தலைகீழ். ஆபீஸில் நம்மை மாதிரி. காய்ந்த பூ ஐந்தாறை வெந்நீரில் போட்டால் நீலச் சாயம் இறங்கும். அதில் எலுமிச்சை பிழிந்தால் ஊதாவாகிவிடும். ஹெட் கிளார்க்குக்கு இந்த வித்தையைச் செய்து காட்டியதில் ஒரு நாள் லீவு சுலபமாகக் கிடைத்தது. (விதையும் வேரும் பேதி. அதை வாயில் போட்டு வேறு வகையில் லீவு வாங்காதீர்கள்.)

ஆடியில் போட்டது புரட்டாசியில் பூத்தது. கிழிந்த வலை முழுக்க நீலம். சரம் சரமாகத் தொங்கவில்லைதான். ஒற்றைப் பூ, ஒரு நாள்தான் இருக்கும். மறுநாள் வேறு பூ. அதற்கும் ஒரு பாடு வைத்துக்கொண்டிருக்கிறது போல. சகதர்மிணி அதைப் போட்டோ எடுத்து, ஏப்ரல் பக்கத்தின் மேலேயே ஒட்டிவிட்டாள். "ஜப்பான்காரன் இதைப் பார்த்தா என்ன சொல்லுவான்?" என்றேன். "எங்கம்மாகிட்ட விதை கேப்பான்" என்றாள்.

போன ஞாயிறு அத்தை ஊற்றுவதைப் பார்த்தேன். குடமில்லை, ஒரு சொம்பு. அதுவும் அரிசி கழுவின தண்ணீர்.

மாமா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தம் பழைய வலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இத்தினி வருஷத்துல இந்த வலையில இவ்ளோ மாட்டினதே இல்ல மாப்ளே" என்றார்.